ஒன்றுபோல் தோன்றும் காசுகள்



பழைய நாணயங்களைச் சேர்க்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் மகிழ்ச்சியும் பின்னர்க் குழப்பமும் உண்டாவது இயல்பு. தொடக்கத்தில் கைக்கு வரும் ஒவ்வொரு காசும் புதிதாகவே இருக்கும். சில நாள் சென்றபின், ஏற்கெனவே உள்ளதைப் போலவே மற்றொன்று வந்து சேரும். இரண்டும் ஒன்றுதானா? ஒன்றாயின் இரண்டாவது எதற்கு? வேறாயின், அவ்வேற்றுமை பேழையில் தனியிடம் பெறத் தக்கதா? பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து இந்திய நாணயங்களைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம். அதற்குமுன், நான் செய்த பிழை ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், சத்தியமங்கலத்தை அடுத்த ஒரு பள்ளியில் நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். பள்ளிக் கண்காட்சிக்காக நாணயங்கள் திரட்டிக்கொண்டிருந்த சமயம் அது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் தன் அமுச்சியின் சுருக்குப்பையைக் கொண்டுவந்து என் மேசைமீது அவிழ்த்தான். உள்ளே பதினான்கு வெள்ளி ரூபாய்கள் இருந்தன. அனைத்திலும் விக்டோரியா அரசியின் தலை. அனைத்திலும் 1862 என்னும் ஆண்டு. பேத்திக்குக் கொலுசு செய்ய மறுநாள் ஆசாரியிடம் போக இருந்த வெள்ளி அது. "வாத்தியாருக்கு வேணுங்கறதை எடுத்துக்கச் சொன்னாங்க அமுச்சி. எல்லாம் ஒண்ணுதானுங்களே, ஐயா?" என்றான் பையன். "ஆம், எல்லாம் ஒன்றே" என்று நான் சொன்னேன். பளிச்சென்று இருந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் எடைக்கு வெள்ளியின் விலையைக் கொடுத்தனுப்பினேன். எஞ்சிய பதின்மூன்றும் உருகிக் கொலுசாயின.

பல ஆண்டுகள் கழிந்த பிறகே நான் சொன்ன விடை தவறென்று அறிந்தேன். எவ்வாறு தவறு என்பதைப் புரிந்துகொள்ள, அந்நாணயங்களின் வரலாற்றைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் தொடக்கத்தில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒவ்வொரு நாணய முறை இருந்தது. சென்னை மாகாணத்தில் வழங்கியவை வராகன், பணம், காசு என்பன. ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. 1807-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையில் அடிக்கப்பட்ட அரை வராகன், கால் வராகன் வெள்ளி நாணயங்களில் ஒருபுறம் கோயில் கோபுரமும் மறுபுறம் திருமால் உருவமும் உள்ளன; தமிழ், தெலுங்கு எழுத்துகளும் அவற்றில் இடம்பெற்றன. சென்னை மாநகரில் இன்றும் வழங்கும் தங்கசாலைத் தெரு என்னும் பெயர், நாணயம் அடித்த சாலையின் நினைவாகும்.

ஆயினும் சென்னைக் காசுகள் அனைத்தும் சென்னையிலேயே அடிக்கப்பட்டவை அல்ல. 1803, 1808 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய பத்துக்காசு, இருபதுக்காசுச் செப்பு நாணயங்கள், இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை அடுத்த சோஹோ என்னுமிடத்தில் மாத்யூ போல்டன் நிறுவிய நீராவி அச்சாலையில் உருவானவை. அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல் 1809-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்கிலாந்தின் கரையை ஒட்டிய குட்வின் மணல் திட்டில் மோதி மூழ்கியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்காசுகளைப் பெருந்திரளாகக் கடலிலிருந்து மீட்டனர். நம் மாகாணத்துச் சந்தைகளில் புழங்குவதற்காக அடிக்கப்பட்டு, இங்கு வந்து சேராமலே போன காசுகள் அவை. 1808-ஆம் ஆண்டுப் பத்துக்காசு இரண்டு உங்களுக்குக் கிடைத்து, ஒன்று உள்ளூரில் தேய்ந்ததாகவும் மற்றொன்று கடலடியிலிருந்து வந்ததாகவும் இருக்குமானால், அச்சு ஒன்றாயினும் வரலாறு இரண்டு. ஆகவே ஒரு காசு எங்கிருந்து கிடைத்தது என்னும் குறிப்பைக் காசோடு சேர்த்தே வைத்தல் வேண்டும்.

1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் ஏற்பட்டது. அதன் எடை 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்படி. காலணாவுக்கு மூன்று தம்படி. இக்கணக்கு 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தசம நாணய முறை வரும்வரை நிலைத்திருந்தது.

இனி, இந்த ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு வேற்றுமைகளை நான்கு படிகளாகப் பிரித்துக் காண்போம்.

முதற்படி, உருவமும் பட்டமும். 1835-இல் நான்காம் வில்லியம் மன்னரின் தலை. 1840-இல் விக்டோரியா அரசி. கம்பெனியின் ஆட்சி 1858-இல் முடிவுற்றதால், 1862-ஆம் ஆண்டு நாணயத்தில் கம்பெனியின் பெயர் மறைந்து இந்தியா என்னும் பெயர் வந்தது. 1877 முதல் 'அரசி' என்பது 'பேரரசி' ஆயிற்று. அதன்பின் ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் ஆகியோர். ஆட்சி மாறியதையும் பட்டம் மாறியதையும் காட்டும் இவ்வேற்றுமைகளை எந்தத் தொகுப்பும் விட்டுவிடல் ஆகாது.

இரண்டாம் படி, உலோகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளி அரிதாயிற்று. 1940 முதல் ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி சரிபாதியாகக் குறைந்தது, எடையோ மாறவில்லை. 1947-இல் வெள்ளி அறவே நீங்கி, புலி உருவம் பொறித்த நிக்கல் ரூபாய் வந்தது. நிக்கல் ரூபாயைக் காந்தம் ஈர்க்கும், வெள்ளி ரூபாயை ஈர்க்காது. இச்சோதனையை உங்கள் அறிவியல் ஆய்வறையிலேயே செய்து பார்க்கலாம். செம்பிலும் இதே கதைதான். போருக்கு முன்னர்க் காலணாவின் எடை 4.86 கிராம். 1943-இல் வந்த காலணாவோ, நடுவே துளை பெற்று ஏறத்தாழ இரண்டு கிராமாக இளைத்துவிட்டது. ஓட்டைக் காலணா என்று நம் முன்னோர் அழைத்தது அதனையே. போர் நடந்த நாடுகளின் பெயர்கூட அறியாத நம் உழவரும், புளியம்பட்டிச் சந்தையில் காலணாவைக் கையில் வாங்கியபோது போரின் சுமையைத் தொட்டுணர்ந்தனர். ஆதலின் உலோக மாற்றத்தையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் படி, அடித்த இடம். கல்கத்தா அக்கசாலை பெரும்பாலும் தன் நாணயத்தில் குறி எதுவும் இடவில்லை. பம்பாய் அக்கசாலை சிறு புள்ளியோ வைர வடிவமோ இட்டது. லாகூரில் 1943 முதல் நாணயம் அடித்தனர். அவற்றில் 'எல்' என்னும் ஆங்கில எழுத்தைக் காணலாம். 1947-இல் லாகூர் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. அவ்வெழுத்துள்ள காலணாவைப் பார்க்கும்போது, பிரிவினைக்கு முற்பட்ட இந்தியாவின் பரப்பு நம் உள்ளங்கையிலேயே தெரிகிறது. இந்த வேற்றுமையையும் இயன்ற அளவு சேர்த்தல் நன்று.

நான்காம் படி, அச்சின் நுண்வேற்றுமை. பெரும்பாலோர் மயங்குவது இங்கேதான். 1840 என்று ஆண்டு பொறித்த ரூபாய்களில் அரசியின் பெயரும் பட்டமும் தலைக்கு மேல் தொடர்ந்து செல்வது ஒரு வகை. இருபுறமும் பிரிந்து நிற்பது பிறிதொரு வகை. பிந்தையது சில ஆண்டுகள் கழித்து வந்தது. எனினும் பொறித்த ஆண்டு மாறவில்லை. இவ்வாறே 1862 என்னும் ஆண்டும், 1874-இல் அந்தந்த ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் வரும்வரை, மாறாமல் தொடர்ந்தது. அதாவது, 1862 என்று பொறித்த ரூபாய் 1870-இல் அடிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். பின்னர் அடித்தவற்றில் ஆண்டை ஒட்டிக் கண்ணுக்கெளிதில் புலப்படாத சிறு புள்ளிகளை இட்டனர். அவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு அடித்த ஆண்டை அறிஞர்கள் கணிக்கின்றனர்.

சுருக்குப்பையில் இருந்த பதினான்கு ரூபாய்களின் நிலை இப்பொழுது உங்களுக்கு விளங்கும். அவை அனைத்தும் ஒன்றாக இருந்திருக்கலாம். பத்து வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவையாகவும் இருந்திருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடி என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அதனை எடுக்காமலே விடை சொன்னேன்.

அப்படியாயின் காணும் வேற்றுமை அனைத்தையும் சேர்ப்பதா என்று கேட்பீர்கள். அது இயலாது, தேவையும் இல்லை. நான் கைக்கொள்ளும் அளவுகோல் எளியது. ஒரு வேற்றுமையை யாரேனும் எண்ணித் துணிந்து ஏற்படுத்தினரா? ஆம் எனில் அது வகை. அதற்கு இடம் கொடுக்கலாம். தேய்வு, கறை, அச்சு விரிந்த கோடு, அடி சற்றே விலகியதால் ஓரம் குறைந்த தோற்றம் ஆகியவை தற்செயலாக நேர்ந்தவை. அவற்றுள் ஓரிரண்டை, நாணயம் அடிக்கும் முறையை விளக்கும் பொருட்டு வைத்துக்கொள்ளலாம், பெருக்க வேண்டியதில்லை.

1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இவ்வளவுகோலுக்கு நல்ல சான்று. மன்னரின் உடையில் காணும் யானை, துதிக்கை குறுகிப் பன்றிபோல் தோன்றுவதாக மக்கள், சிறப்பாக முஸ்லிம் பெருமக்கள், மனம் வருந்தினர். அரசினர் நாணயத்தைத் திரும்பப் பெற்று, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டனர். வேற்றுமையோ நெல்மணி அளவுதான். எனினும் அது மக்கள் சொல்லுக்குப் பேரரசு செவிசாய்த்ததன் அடையாளம். ஆகையால் ஜார்ஜ் மன்னர் ரூபாய்களில் 1911-ஐயும் 1912-க்குப் பிந்தியதையும் தனித்தனி வகைகளாகவே கொள்ள வேண்டும்.

இவ்வாறு கணக்கிட்டால் ரூபாய் வரிசைக்குப் பதினோரு காசுகள் தேவைப்படும். வில்லியம் ஒன்று, விக்டோரியா, 1840-இன் இரு வகை, 1862, பேரரசி என நான்கு, எட்வர்டு ஒன்று, ஐந்தாம் ஜார்ஜ் இரண்டு, ஆறாம் ஜார்ஜ், முழு வெள்ளி, பாதி வெள்ளி, நிக்கல் என மூன்று. இவற்றுள் 1911-ஆம் ஆண்டு ரூபாயும், ஆறாம் ஜார்ஜின் முழுவெள்ளி ரூபாயும் எளிதிற் கிடைப்பன அல்ல. அவற்றுக்கு வெற்றிடம் விட்டு, அங்கு ஒரு சீட்டு எழுதி வையுங்கள். வெற்றிடத்துக்கு நாண வேண்டா. மாணவர் பலருக்கு வெள்ளி ரூபாயே எட்டாத விலை. அன்னோர் காலணாவை எடுத்துக்கொள்க. செம்பு நீங்கி வெண்கலம் வந்த 1906, ஓட்டை விழுந்த 1943, லாகூர்க் குறி ஆகிய அனைத்தையும் சிறு செலவில் கற்றுத்தரும் நாணயம் அது.

செய்யத் தகாதன சிலவும் உண்டு. புளியிட்டுக் காசைத் துலக்காதீர்கள். பளபளப்போடு நுண்புள்ளிகளும் போய்விடும். எடை பாராமல் விலை கொடுக்காதீர்கள். போலி ரூபாய்கள் இன்று மிகுதி. ஏர் முனையில் புதையலாகக் கிடைத்த காசை மறைக்காதீர்கள். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். ஈரோட்டிலும் கோவையிலும் சென்னை எழும்பூரிலும் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. விடுமுறையில் சென்று காணுங்கள்.

இறுதியாக ஒன்று. நான் மதிமிக்கவனாக இருந்திருந்தாலும் அந்தப் பதினான்கு ரூபாயையும் வாங்கியிருக்க இயலாது. என் சம்பளம் அதற்குப் போதாது. பேத்தியின் கொலுசைத் தடுக்கும் உரிமையும் எனக்கில்லை. ஆனால் ஒரு மணி நேரம் அமர்ந்து, ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்து, புள்ளிகளை எண்ணி, எடையைக் குறித்து, ஒரு தாளில் எழுதியிருக்கலாம். வெள்ளி கொலுசாகியிருக்கும், செய்தி எஞ்சியிருக்கும். எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது, எதை விடுகிறோம் என்பதையும் எழுதி வைப்பதே சேகரிப்பவனின் கடமை என்று அதன்பிறகே கற்றேன்.

நான் எடுத்துக்கொண்ட அந்த ஒரு ரூபாய் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆண்டின் கீழே இரண்டு புள்ளிகள் உள்ளன. அதன் உறையின்மேல் "பதினான்கில் ஒன்று" என்று எழுதியிருக்கிறேன்.