பாழ்நிலம் வாழ்நிலமாதல்: சிங்கப்பூர்ச் சான்றுகள்

முன்னுரை

நன்செய், புன்செய், தரிசு, புறம்போக்கு என நிலத்தைப் பாகுபடுத்துவது தமிழ் மரபு. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அவ்வாறாயின், பாழ் என்பது நிலத்தின் பிறவிக் குணமன்று. அஃது அடைந்த நிலையே. இக்கருத்தின் துணையோடு சிங்கப்பூரின் மூன்று சான்றுகளை இங்கு நோக்குவோம்.

வீடு

1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட தீயில் நால்வர் மாண்டனர். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். 1960இல் நிறுவப்பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எரிந்த நிலத்தில் ஓராண்டுக்குள் அடுக்குமாடி வீடுகளை எழுப்பத் தொடங்கியது. குழாய்நீரும் மின்சாரமும் பாதுகாப்பும் கிட்டின. எனினும், வீட்டருகே கோழியும் பன்றியும் வளர்த்துப் பிழைத்த வாழ்க்கை மாடிவீட்டில் இடம்பெறவில்லை. லோ கா செங் 2013இல் வெளியிட்ட ஆய்வு, குடியிருந்தோரின் வாய்மொழி நினைவுகளையும் சான்றாகக் கொள்கிறது. அரசு ஒழுங்கற்ற குடியிருப்பாகக் கண்ட அவ்விடம், அங்கிருந்தோர்க்கு ஊராகவே இருந்தது.

தோட்டம்

2005இல் தேசியப் பூங்காக் கழகம் 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தைத் தொடங்கியது. பயனின்றிக் கிடந்த புல்தரைகளில் குடியிருப்பாளர்களே குழுவாகக் கூடிக் கீரையும் கறிவேப்பிலையும் பாண்டானும் வளர்க்கின்றனர். நிலம் அவர்களுடையதன்று; பராமரிப்பு மட்டுமே அவர்களுடையது. ஆயினும், அடுத்த வீட்டாரை அறியாத மாடிவாழ்வில், விளைச்சலினும் பெரிது அண்டை அயலாரின் உறவே எனலாம்.

கல்வி

லெங்கோக் பாருவில் இயங்கிய பழைய புக்கிட் மேரா தொழிற்கல்வி நிலையத்தின் கட்டடங்கள் இடிக்கப்படவில்லை. அவை புதுப்பிக்கப்பெற்று, உடற்குறையுடையோர்க்குப் பயிற்சியும் வேலைவாய்ப்பும் அளிக்கும் 'எனேபலிங் வில்லேஜ்' என 2015இல் திறக்கப்பட்டன. சுற்றுவட்டாரத்தாரும் அவ்வளாகத்தைப் பயன்படுத்துவதால் அஃது ஒதுக்கிடமாகாமல் பொதுவிடமாயிற்று.

முடிவுரை

முதற்சான்றில் மக்களுக்காக அரசு முடிவெடுத்தது. இரண்டாவதில் மக்களே மண்ணைத் தொட்டனர். மூன்றாவதில் பழையது அழியாமலே புதியது பிறந்தது. எனவே, 'என்ன கட்டுவது' என்பதற்கு முன், 'பாழ் என்று சொன்னவர் யார்' எனக் கேட்டல் வேண்டும். தோட்டப்புறங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறக் கண்ட மலேசியத் தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. பள்ளியருகே வெறுமையாய்க் கிடக்கும் ஒரு நிலத்தில் முன்பு வாழ்ந்தோர் யாவர் என மாணவர் முதியோரிடம் கேட்டெழுதினால், அதுவே நல்லதொரு கட்டுரைப் பயிற்சியாகும். மறையவிருக்கும் வரலாறும் பதிவாகும்.