விதைப் பையோடு வரும் வில்லங்கம்

முளைத்து ஒரு வாரமே ஆன, எண்ணெய் வித்துப் பயிரான கனோலாவையும் காட்டுக்கடுகுக் களையையும் அருகருகே வைத்தால், பழுத்த விவசாயிகூடத் தடுமாறுவார். இரண்டுக்கும் இதய வடிவ வித்திலை; இரண்டும் கடுகுக் குடும்பம். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் கொல்லும் மருந்து அவ்வளவு எளிதில் அகப்படாது. காட்டுக்கடுகு அறுவடையில் கலந்தால் எண்ணெயில் வேண்டாத எரூசிக் அமிலம் ஏறும்.

களைக்கொல்லியைத் தாங்கும் கனோலா ரகங்கள் 1990-களின் நடுவில் கனடாவுக்கு வந்தபோது விவசாயிகள் பாய்ந்து பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. கிளைபோசேட், குளுஃபோசினேட் மருந்துகளைத் தாங்குபவை மரபணு மாற்றியவை. இமிடசோலினோன் தாங்கும் கிளியர்ஃபீல்டு, மரபணுவை வெளியிலிருந்து புகுத்தாமல் உருவானது. மருந்தை அடித்தால் களை சாகும், பயிர் நிற்கும்.

சிக்கல் அடுத்த ஆண்டில் தொடங்குகிறது. கனோலாக் காய் வெடித்து ஏராளமான விதை மண்ணில் கொட்டும். கொட்டியது தானாய் முளைக்கும்போது அதுவே களை. 1997-இல் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஒரு வயலில் குளுஃபோசினேட் ரகமும் இமிடசோலினோன் ரகமும் விதைக்கப்பட்டன. கிளைபோசேட் ரகம் இருந்தது பக்கத்து வயலில். மறு ஆண்டு, முதலில் சொன்ன வயலில் தானாய் முளைத்த செடிகளுக்குக் கிளைபோசேட்டைத் திரும்பத் திரும்ப அடித்தும் சாகவில்லை. மகரந்தம் வேலி தாண்டிவிட்டது. ஆய்ந்தபோது மூன்று மருந்தையும் தாங்கும் செடிகளும் அகப்பட்டன.

ஆகவே ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அடுத்த பயிரையும் யோசிக்க வேண்டும். கிளியர்ஃபீல்டு கனோலா கோதுமையில் தானாய் முளைத்தால், அங்கே வழக்கமாக அடிக்கும் சல்ஃபோனைல்யூரியா மருந்துகள் பெரும்பாலும் பலிக்காது. இமிடசோலினோனும் சல்ஃபோனைல்யூரியாவும் செடிக்குள் தாக்கும் இடம் ஒன்றுதான். அறுவடை முடிந்த கையோடு உழுவதும் தப்பு. வெளிச்சம் படாமல் காய்ந்த மண்ணுக்குள் போன விதை உறக்கத்தில் ஆழ்ந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். சில வாரம் மேலாகவே கிடந்தால் முளைத்துவிடும், அழிப்பதும் சுலபம்.

இனி சட்டம். கனடாவின் சஸ்காட்செவன் மாகாண விவசாயி பெர்சி ஷ்மைசர் கிளைபோசேட் ரகத்தை விலைக்கு வாங்கியவரில்லை. 1997-இல் சாலையோரம் கிளைபோசேட் மருந்தான ரவுண்டப்பை அடித்தபோது சாகாத செடிகளைக் கண்டார். அங்கே விளைந்த விதையை எடுத்துவைத்து, மறு ஆண்டு சுமார் 1,000 ஏக்கரில் விதைத்தார். அந்த மரபணுவுக்குக் காப்புரிமை வைத்திருந்த மான்சான்டோ கம்பெனி வழக்குப் போட்டது. 2004-இல் கனடா உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் காப்புரிமையை மீறினார் என்றது. பணம் கட்டத் தேவையில்லை என்றும் சொன்னது. காற்றில் வந்து விழுந்த விதைக்காக அல்ல, தெரிந்தே சேமித்து விதைத்ததற்காகத்தான் அந்தத் தீர்ப்பு. பலர் இதை மாற்றிச் சொல்வதுண்டு.

இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயிக்கு அதிக இடம் தருகிறது. பதிவான ரகத்தின் விதையையும் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம். பாதுகாக்கப்பட்ட ரகம் என்று சீட்டு ஒட்டிய பையில் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். சொன்னபடி விளையாவிட்டால் நஷ்டஈடும் கேட்கலாம். அதற்கு பில், பை, ஒட்டியிருந்த சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

பக்கத்து வயலால் கெட்டவருக்குச் சட்டம் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2010-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஸ்டீவ் மார்ஷின் இயற்கைப் பண்ணைக்குள், அண்டை வயலில் அறுத்துப்போட்ட மரபணு மாற்றிய கனோலா காற்றில் பறந்து வந்தது. பண்ணையின் சுமார் 70 சதவீதம் இயற்கைச் சான்றிதழை இழந்தது. அனுமதி பெற்ற பயிரை வழக்கமான முறையில் அறுத்த அண்டைக்காரர் மீது பழியில்லை என்று நீதிமன்றம் 2014-இல் வழக்கைத் தள்ளியது, மேல்முறையீடும் தோற்றது.

ஷ்மைசர் கதைக்கு ஒரு வால் உண்டு. பிறகும் அவர் நிலத்தில் கம்பெனியின் கனோலா தலைகாட்டியது. இம்முறை விதைக்கவில்லை, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, பிடுங்கி அப்புறப்படுத்திய செலவைக் கேட்டார். 2008-இல் மான்சான்டோ கொடுத்தது: 660 டாலர்.