மலையில் பிறந்தவனும் முகாமில் பிறந்தவனும்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும் மரவள்ளிக் காடுகளும் இருந்தும், இங்குள்ள மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பல, கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் கூலிக்கு இறங்குகின்றன. பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். படிப்பு அந்தரத்தில் நின்றுவிடுகிறது.

ஆனாலும் அந்தப் பிள்ளை திரும்பி வந்தால் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. சாதிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் பழங்குடியினருக்கான ஒரு சதவீத இட ஒதுக்கீடும் உண்டு. இதே நாமக்கல் மாவட்டத்தின் சமவெளியில், பரமத்தியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்த பிள்ளைக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இல்லை.

பள்ளிக் கதவை அவனுக்குத் தமிழ்நாடு சாத்தவில்லை. அரசுப் பள்ளியும் மதிய உணவும் அவனுக்கும் உண்டு. 2021-ல் அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்தது. பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும் அதில் அடக்கம். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், குழந்தைக்கு 500. அதை வைத்து ஒரு வீட்டை ஓட்ட முடியாது. அதனால் முகாம் ஆண்கள் பெரும்பாலும் பெயிண்ட் வேலைக்குப் போகிறார்கள். பத்தாம் வகுப்பு விடுமுறையில் பையனும் மாமாவோடு கிளம்புகிறான். முதலில் சுவரை உப்புத்தாளால் தேய்ப்பான். பிறகு பட்டி பார்ப்பான். கை பழகியதும் சாரத்தில் ஏறுவான். விடுமுறை முடியும்போது கையில் கூலி இருக்கும். பள்ளிக்குத் திரும்பக் காரணம்தான் இருக்காது. வெளியூரில் வேலை என்றாலும், அதிகாரிகள் ஆள் எண்ணும் செக்கிங் நாளில் முகாமுக்கு வந்து தலையைக் காட்டியாக வேண்டும்.

2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. 18 வயது வரை அபாயகரமான தொழில்கள் கூடாது என்கிறது. சோதனை நடத்திப் பையனை மீட்டு வகுப்பில் உட்கார வைக்கலாம். அவன் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வது? படித்து முடித்தாலும் இதே பெயிண்ட் டப்பாதானே என்பது முகாம்களில் காலங்காலமாகப் புழங்கும் பேச்சு. அதைச் சோம்பல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. டாக்டராக ஆசைப்படும் பெண் பிள்ளை, மாநில மருத்துவக் கலந்தாய்வுக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும் என்ற வரியோடு நின்றுவிடுகிறாள். பாஸ்போர்ட்டுக்கும் அதே கதிதான்.

குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் இந்தியர். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போராடி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். இன்று சாரத்தில் நிற்கும் பையனோ 2010 வாக்கில் பிறந்தவன். 1983-லும் 1990-லும் படகேறி வந்தவர்களின் பேரன். பெற்றோரே 1987 ஜூலைக்குப் பின் முகாமில் பிறந்தவர்களாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவன் வெளிநாட்டவன்.

2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. நல்லதுதான். ஆனால் சிறைக்குப் போகாமல் இருக்கலாம் என்பது, நர்ஸ் ஆகலாம், அரசு வேலைக்குப் போகலாம் என்பதாகிவிடாது. இந்தியாவிலேயே பிறந்த பிள்ளைகளுக்காவது குடியுரிமை வழங்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை, மாநில அரசு தன் கையில் இருக்கும் கல்லூரி இடங்களையும் கல்வி உதவித்தொகையையும் ஒரு முகாம் பிள்ளைகூட விடுபடாதபடி கொண்டுசேர்க்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் அந்தக் கோடை விடுமுறைக்குள்ளேயே.