பழைய கணினிக்கும் வேலி வேண்டும்

வங்கியில் வேலை பார்த்தபோது வாங்கிய கணினி. எட்டு வருஷப் பண்ணைக் கணக்கு, விதைப்புத் தேதி, மழையளவு எல்லாம் அதில்தான். திறக்கவே கால் மணி நேரம் ஆனதும், "தூக்கிப் போடுங்கப்பா" என்றான் மகன். எனக்கு மனசு வரவில்லை.

முதலில் கணக்குகளை இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தேன். விதையைப் பத்திரப்படுத்திவிட்டுத்தானே உழவைத் தொடங்குவோம்! பிறகு தூசி தட்டி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டோம், ரேமை 4 ஜி.பி. ஆக்கினோம். கழற்றிய டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. அதில் நம் கணக்கு அப்படியே இருக்குமே.

அதிலிருந்த விண்டோஸ் 7-க்கு, வீட்டில் பயன்படுத்துவோருக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது, வேலியில்லாத கொல்லையில் கடலை விதைப்பது மாதிரி. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டை ஏற்றினோம். எக்செல் கணக்குகள் லிபர் ஆபிஸில் திறந்தன.

வேலி போட்டால் காவலும் வேண்டும். வாரம் ஒருமுறை அப்டேட் செய்கிறேன். வங்கிக்கென்று நீளமான தனிக் கடவுச்சொல். ஓ.டி.பி.யைப் போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கியிலிருந்து யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-ஐ அழையுங்கள்.

இந்த ஆடிப்பட்ட விதைப்பையும் அதிலேயே எழுதிவிட்டேன்.