உண்ணிச்செடி: புதுசா நடாதீங்க, இருக்கிறதை வீணாக்காதீங்க

மஞ்சளும் ரோஸும் ஒரே கொத்தில் பூக்கிற உண்ணிச்செடியைத் தெரியாதவர்கள் இல்லை. பூ விரியும்போது மஞ்சள், தேன் நிறைய இருப்பதும் அப்போதுதான். பிறகு ரோஸாகவோ சிவப்பாகவோ மாறிவிடும். இந்த அழகுக்காக இன்றும் நர்சரிகளில் விற்கிறார்கள். ஆடு மாடு கடிக்காது, தண்ணி கேட்காது, உயிர்வேலிக்கு நல்லா இருக்கும்னு நம்ம விவசாயிகளும் வாங்கி வைக்கிறாங்க. சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

இது நம்ம ஊர்ச் செடி இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவில் பிறந்தது. 1800களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்ட அழகுக்காகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். கறுத்துப் பழுத்த காயை மைனாவும் கொண்டைக்குருவியும் தின்று, போகிற இடமெல்லாம் விதைத்துவிட்டன. இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் இந்தச் செடி பரவியிருக்கிறது என்று 2020-ல் வெளியான ஆய்வு சொன்னது. அதன் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாத காட்டில் மானும் காட்டு மாடும் எதைத் தின்னும்? நர்சரிச் செடி காய்க்காது என்பார்கள். காய்ப்பு குறைந்த ரகங்கள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அதன் மகரந்தம் பக்கத்துக் காட்டுச்செடிக்குப் போய்ச் சேருவதை யார் தடுப்பது?

மாடு கடிக்காது என்பதும் மழை பெய்த வருஷத்துக் கணக்கு. பசும்புல் இருக்கும்வரை ஒதுக்கும். வறட்சியில் வயிறு காய்ந்த மாடும், சந்தையில் புதிதாக வாங்கி வந்த மாடும் தின்றுவிடும். இலையில் உள்ள லாண்டடீன் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். முதலில் தீனி எடுக்காது, சாணம் இறுகிப் போகும். பிறகு கண்ணும் ஈறும் மஞ்சளாகும். வெயில் பட்டால் மூக்கு, காது, மடி என்று முடி குறைந்த இடங்களில் தோல் வெந்தது போல வெடிக்கும். இந்த அறிகுறி தெரிந்ததும் மாட்டை நிழலில் கட்டுங்க, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. மஞ்சள் காமாலைதானே, தானா சரியாகும்னு நாலு நாள் விட்டா மாடு தங்காது.

சரி, ஏற்கெனவே வரப்பில் மண்டிக் கிடக்கிறதே? அதைப் பயன்படுத்தித் தீர்க்கலாம். மாடு ஒதுக்கும் இலை என்பதால் பூச்சிவிரட்டிக்கு ஆகும். வேம்பு, நொச்சி, எருக்கு, ஆடாதொடையோடு இதையும் சேர்த்து, வகைக்கு 2 கிலோ இடித்து, இலை மூழ்கும் அளவு மாட்டுச் சிறுநீரில் ஒரு வாரம் ஊறவிட்டு வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 1 லிட்டர் கலந்து தெளிக்கிறார்கள். ஊறல் வாளியைக் கன்றுக்குட்டி எட்டாத இடத்தில் வையுங்க. சேமித்த உருளைக்கிழங்கின் மேல் இதன் இலையைப் பரப்பினால் அந்துப்பூச்சித் தொல்லை குறையும். பூக்கும் முன் வெட்டிய தழையை மண்புழு உரமாக்கலாம். நஞ்சு மக்கும்போது சிதைந்துவிடுகிறது. காய் பிடித்த கிளையை மட்டும் குப்பைக்குழியில் போடாதீங்க, உரத்தோடு விதையும் வயலுக்குப் போகும். கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இதன் தண்டை வேகவைத்து வளைத்து ஆளுயர யானைகளே செய்கிறார்கள். 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன!

ஒழிக்க நினைப்பவர்கள் அரிவாளால் அடியோடு வெட்டுவார்கள், இல்லையென்றால் தீ வைப்பார்கள். இரண்டுமே செடிக்குக் கவாத்து செய்த மாதிரிதான். ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்து வரும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு காட்டிய முறைதான் உருப்படி. மேலே தண்டை வெட்ட வேண்டாம். அடிமண்ணைக் கொஞ்சம் விலக்கி, தரைக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரைக் கொத்தால் துண்டியுங்கள். தளிர் விடுகிற கண்கள் தண்டும் வேரும் சேரும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கின்றன. பிறகு இரண்டு பேர் சேர்ந்து புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். வேர் மண்ணைத் தொடாமல் வெயிலில் காய்ந்தால் செடி செத்துப்போகும். காய் வரும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது செய்தால் வேலை சுலபம்.

அத்தோடு முடியாது. மண்ணில் கிடக்கிற விதை அடுத்த மழைக்கு முளைக்கும். குருவி உட்காருகிற மரத்தடியில்தான் நாற்று அதிகம் இருக்கும், அங்கே முதலில் போய்ப் பாருங்க. விரல் நீள நாற்றாக இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். இரண்டு மூன்று மழைக்காலம் விடாமல் செய்யணும். காலியான இடத்தைச் சும்மா போடாமல் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவுங்க, வேலிக்குக் கிளுவையும் நொச்சியும் ஊன்றுங்க. பூ வேணும்னா வெட்சி இருக்கு, வண்ணத்துப்பூச்சி வேணும்னா ஆவாரை இருக்கு.