தயிர் ஏன் உறையவில்லை?
பாலில் கலந்த மருந்தைக் காட்டிக் கொடுக்கும் ஒளி

லக்ஷ்மிபாய் நகர்த் தமிழர் வீடுகளில் தை மாதத்தில் தயிர் உறையாமல் போனால் பழி தில்லிக் குளிர் மீதுதான் விழும். பெரும்பாலும் அது சரியே. ஆனால் வெயில் காலத்தில், நல்ல மோர் விட்டு உறை ஊற்றியும் பால் பாலாகவே இருந்தால் வேறொரு காரணமும் இருக்கலாம். மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் ஊசியின் மருந்து பாலில் இறங்கி, தயிரை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தடுத்திருக்கலாம். காய்ச்சினால் கிருமிகள் சாகும். ஆனால் இம்மருந்துகளில் பல அடுப்புச் சூட்டில் முழுவதும் அழிவதில்லை.

இது வீண் பயமன்று. 2018இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77இல் அனுமதித்த அளவுக்கு மேல் ஆன்டிபயாடிக் இருந்தது. 2014இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகரிலும் நொய்டா, குர்காவ்ம், பரீதாபாத், காஜியாபாத் ஊர்களிலும் 70 கோழிக்கறி மாதிரிகளை வாங்கிச் சோதித்ததில், நூற்றுக்கு நாற்பதில் மருந்தின் எச்சம் தெரிந்தது.

இதனால் என்ன கெடுதல்? பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு உடம்பில் தடிப்பு காணலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுவது. நாளை குழந்தையின் ஜுரத்துக்கு டாக்டர் எழுதித் தரும் அதே மருந்து பலிக்காமல் போகலாம்.

மருந்துக்குக் காத்திருக்க வேண்டிய காலம் சோதித்து உறுதி செய்யப்படாவிட்டால், பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012இல் மத்திய அரசு விதி செய்தது. விதி நடக்கிறதா என்று எப்படி அறிவது? ஆய்வுக்கூடத்துப் பெரிய இயந்திரம் துல்லியமாகச் சொல்லும். ஆனால் விலை அதிகம்; முடிவு வருவதற்குள் பாலைக் குடித்து முடித்திருப்போம்.

இங்கேதான் ஒளிரும் உணர்விகள் உதவுகின்றன. பாங்கில் காஷியர் ரூபாய் நோட்டை ஊதா விளக்கில் காட்டும்போது சில இழைகள் பளிச்சிடுமல்லவா? அதே தத்துவந்தான். பழைய கலர் டெலிவிஷனில் சிவப்பு நிறம் தந்த யூரோப்பியம் என்ற உலோகம், தனியே இருந்தால் மங்கலாகவே ஒளிரும். மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கும் டெட்ராசைக்ளின் அதனோடு சேர்ந்தால், புற ஊதா ஒளியை அம்மருந்து வாங்கி யூரோப்பியத்துக்குக் கொடுக்கும். உடனே சிவப்பாகச் சுடர் விடும். வேறு சில உணர்விகளோ மருந்து பட்டதும் மங்கிவிடும். ஒளி எவ்வளவு மாறியது என்பதைக் கொண்டு மருந்தின் அளவைக் கணக்கிடலாம்.

குறைகளும் உண்டு. பாலின் கொழுப்பும் புரதமும் ஒளியைக் குழப்பும். ஓர் உணர்வி ஒரு வகை மருந்தைத்தான் காட்டும். சந்தேகம் தோன்றினால் ஆய்வுக்கூடத்தில்தான் உறுதி செய்ய வேண்டும். எனினும், சிகிச்சையிலிருக்கும் மாட்டின் பால் டாங்கர் லாரியில் கலந்து அவ்வளவையும் கெடுக்குமுன், கொள்முதல் நிலையத்திலேயே தடுக்க இது உதவும். எத்தகைய கருவியும் அங்கே வைத்தால்தான் பயன். அலமாரியில் இருந்தால் இல்லை.

வாங்குவோர் கையிலும் ஓர் உரிமை உண்டு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, எந்த உணவையும் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். குற்றம் நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நாலு குடும்பங்கள் சேர்ந்தால் செலவும் பாரமாக இராது.