முடிச்சுப் போட்டுச் செய்த சர்க்கரை

‘சர்க்கரையில் தடுப்பூசி’ என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அனுப்பி, “அப்படியானால் இனிக்குமா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். நாக்குக்கு அங்கே வேலையே இல்லை, ஊசி தொடையில் போடுவது. செய்தியில் பாதி உண்மை. மீதி, வழக்கம்போல, ‘மருத்துவ உலகையே புரட்டிப்போடும்’ வகை.

பல பாக்டீரியாக்கள் சர்க்கரைச் சங்கிலியால் நெய்த மேலங்கியைப் போர்த்தியிருக்கின்றன. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் கொண்டுவரும் ‘ஹிப்’ அப்படி ஒன்று. அதன் மேலங்கியில் ரைபோஸ், ரிபிட்டால், பாஸ்பேட் மூன்றும் மாறிமாறி வரும். முழுக் கிருமி வேண்டாம், அந்த அங்கியை உடலுக்குக் காட்டிப் பழக்கலாம். ஊரெல்லாம் கிருமியைத் தொட்டியில் வளர்த்து அங்கியை உரித்துக்கொண்டிருந்தபோது, ஹவானா பல்கலைக்கழகத்தில் விசென்டே வெரெஸ் பென்கோமோவின் குழு ஒரு கிருமியும் இல்லாமல் குடுவையிலேயே அதைச் செய்தது. கியூபாவில் அந்தத் தடுப்பூசி 2003இல் பதிவானது.

இதில் என்ன கஷ்டம்? ஒரே வகை அமினோ அமிலம் இரண்டைக் கோக்க இயற்கைக்கு ஒரு வழிதான். இரண்டு குளுக்கோஸைக் கோக்க 11 வழிகள்! ஒவ்வொரு சர்க்கரையிலும் ஹைட்ராக்சில் கைகள் நாலைந்து நீட்டிக்கொண்டிருக்கும். எது எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பிடித்தாலும் மேலிருந்தா, கீழிருந்தா என்ற வம்பு வேறு.

சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். சாயம் ஏறக்கூடாத இடத்தையெல்லாம் நூலால் முடிந்து, பிறகு முக்குவார்கள். வேதியியலாளரும் அப்படித்தான், வேண்டாத கைகளை பென்சைல், பென்சாயில் என்று விதவிதமாக முடிந்துவைக்கிறார். ஒன்றை அவிழ்க்கும் மருந்து இன்னொன்றை அவிழ்க்காது. அவிழ்த்த இடத்தில் கோத்து, அடுத்ததை அவிழ்த்து, கடைசியில் எல்லா நூலையும் உருவிவிடுகிறார். உழைப்பில் பெரும்பகுதி, முடிந்த பொருளில் இல்லாத ஒன்றுக்காக.

சேலையில் முடிச்சு சும்மா கிடக்கும். இங்கே அது வேலையும் பார்க்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ரைபோஸின் முதல் கார்பனில் இணைப்பு நடக்கவேண்டும், அதுவும் மேல்பக்கமாக. இரண்டாம் கார்பனில் பென்சாயில் முடிச்சு ஒன்றைப் போட்டுவைக்கிறார்கள். முதல் கார்பனில் இருந்த தொகுதி விலகி இடம் காலியானதும், பக்கத்து முடிச்சு எட்டி வளைந்து கீழ்ப்பக்கத்தை அடைத்துக்கொள்கிறது. பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவரேதான். வரும் மூலக்கூறுக்கு மேல்பக்கம் தவிர வேறு வழியில்லை. அது வந்து உட்கார்ந்ததும் துண்டுக்காரர் ஒன்றும் நடக்காததுபோல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறார். (சேலைக்குள் பஸ் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.)

ஹவானாவில் செய்த கெட்டிக்காரத்தனம், தயாரான சர்க்கரைத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கோக்காமல், பாஸ்பேட் வழியே ஒரே வினையில் தாமாகச் சேரவிட்டது. சராசரியாக ஏழெட்டுத் துண்டு நீளத்தில் சங்கிலி கிடைத்தது, போதுமானதாகவும் இருந்தது.

வரலாறும் வேண்டுமென்றால்: வெறும் சர்க்கரையைக் காட்டினால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் சட்டைசெய்யாது; புரதத்தோடு சேர்த்துக் காட்டவேண்டும். முயல்களில் ஏவரி, கோபெல் என்ற ஆய்வாளர்கள் 1931இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். கியூபர்கள் சேர்த்தது டெட்டனஸ் டாக்ஸாய்டை.

வாட்ஸ்அப் புகழும் ‘சர்க்கரை செய்யும் இயந்திரம்’ பீட்டர் சீபெர்கர் குழு 2001இல் அறிவித்தது. நல்ல இயந்திரம்தான். ஆனால் பட்டனைத் தட்டுமுன் அதற்குள் ஊற்ற, முடிச்சுப் போட்ட சர்க்கரைகளை யாராவது நாள்கணக்கில் உட்கார்ந்து செய்துதரவேண்டும். செய்தியில் அந்த ஆளைக் காணோம்.

நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹிப் 2011 டிசம்பரில், தமிழகத்திலும் கேரளத்திலும்தான் முதலில் நுழைந்தது, பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசிக் கலவையில் ஒன்றாக. அந்த ஊசியில் இருப்பது தொட்டியில் வளர்ந்த கிருமி தானே நெய்துகொண்ட சர்க்கரை. அதற்கு யாரும் ஒரு முடிச்சும் போடவில்லை.